தேரோடிய தெருவழியே ஹம்பி: கோயில்களைப் பார்க்க ஒரு வழிகாட்டி

விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பிக்குச் செல்பவர்களில் பலர், காலையில் ஹொசபேட்டையில் ஓர் ஆட்டோவைப் பிடித்து, ஓட்டுநர் காட்டும் பட்டியலில் உள்ள இருபது இடங்களையும் மாலைக்குள் பார்த்துவிட்டு இரவு ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் பார்த்தேன். அதுவும் மே மாத வெயிலில். கல் தேரைப் பார்த்ததும் தாகத்தில் தவித்ததும் நினைவில் நின்றனவே தவிர, எந்தக் கோயில் எந்தத் திசையில் இருந்தது, அதன் எதிரே என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டாம் முறை சென்றபோது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: எந்தப் பெரிய கோயிலையும் அதற்குரிய தெருவின் கோடியிலிருந்து கோபுரத்தை நோக்கி நடந்து வந்தே பார்ப்பது. அதன் பிறகுதான் சிதறிக் கிடந்த இடிபாடுகள் ஓர் ஊராகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.

மதுரையையும் ஸ்ரீரங்கத்தையும் பார்த்துப் பழகிய நமக்குக் கோயில் நடுவில் இருக்க, வீதிகள் அதைச் சுற்றி அடுக்கடுக்காக அமைவதே இயல்பாகத் தோன்றும். ஹம்பியில் பெரிய கோயில் ஒவ்வொன்றுக்கும் முன்னால், கோபுர வாயிலுக்கு நேராக, மிக நீளமான அகன்ற தெரு ஒன்று ஓடுகிறது. அதன் இருபுறமும் கல்தூண் மண்டபங்கள் வரிசையாக நிற்கும். தெருவை ஒட்டி ஒரு தெப்பக்குளம் இருக்கும். தேர் ஓடியதும் கடை வைத்ததும் ஆட்கள் தங்கியதும் அந்தத் தெருவில்தான். ஆகவே இங்கே ஒரு கோயிலைப் பார்ப்பது என்றால் ஒரு பேட்டையைப் பார்ப்பது என்று பொருள். கிருஷ்ணாபுரம், அச்சுதாபுரம், விட்டலாபுரம் என்று கோயிலின் பெயராலேயே அந்தப் பேட்டைகள் வழங்கின.

புறப்படும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே உகந்தவை. மார்ச் மாதத்தின் நடுவிலிருந்து பாறைகள் கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த ஊரில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, நான்கு பக்கமும் நிற்கும் குன்றுகளிலிருந்தும் வருகிறது. மழைக்காலத்தில் வயல்கள் பச்சையாகவும் கூட்டம் குறைவாகவும் இருக்கும் என்றாலும், மேலே ஹொசபேட்டையில் உள்ள துங்கபத்திரை அணையிலிருந்து நீர் திறந்துவிட்டால் ஆற்றங்கரை மண்டபங்கள் மூழ்கிவிடும், பரிசலும் படகும் நின்றுவிடும் என்பதை எண்ணிக்கொள்ள வேண்டும். ஹம்பி உற்சவம் நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது அரிது. கோயில்களை அமைதியாகப் பார்க்க விரும்புபவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

ரயிலில் வருபவர்கள் ஹொசபேட்டைச் சந்திப்பில் இறங்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு வழியாக வந்து, அங்கிருந்து இரவு ரயிலையோ பேருந்தையோ பிடிப்பதே பெரும்பாலானவர்களுக்கு எளிது. குண்டக்கல் வழியாகவும் வரலாம். ஹொசபேட்டையிலிருந்து ஹம்பி ஏறக்குறைய 13 கிலோமீட்டர். நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. வசதியான விடுதி வேண்டுமென்றால் ஹொசபேட்டையிலும், விடியற்காலையில் நடந்தே குன்றேற வேண்டுமென்றால் ஹம்பிக் கிராமத்திலும் தங்கலாம். இந்தக் கட்டுரையின் முறைப்படி பார்ப்பதற்குக் கிராமத்து எளிய அறையே மேல் என்பது என் எண்ணம். அங்கே அசைவமும் மதுவும் கிடையாது.

குறைந்தது இரண்டு முழு நாட்கள், முடிந்தால் மூன்று நாட்கள் ஒதுக்குங்கள். விட்டலர் கோயிலுக்கும் தாமரை மகால் வளாகத்துக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு வேண்டும். நான் சென்றபோது இந்தியருக்கு 40 ரூபாயாக இருந்தது. ஒரே சீட்டு அன்றைய நாளில் இரண்டு இடங்களுக்கும் செல்லும் என்பதால், விட்டலர் கோயிலில் வாங்கியதைக் கிழித்தெறிந்துவிடாதீர்கள். மற்றக் கோயில்கள் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. தொப்பியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் பிடிமானமுள்ள செருப்பும் கட்டாயம் வேண்டும். ஒரு சிறிய கைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள். கருவறைகளும் உட்பிராகாரங்களும் பட்டப்பகலிலும் இருட்டாகவே இருக்கும்.

கண்ணைப் பழக்கிக்கொள்ள

எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு செல்வது பாதிப் பயணத்துக்குச் சமம். 1336-இல் ஹரிஹரர், புக்கர் ஆகிய சகோதரர்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த அரசை அடுத்தடுத்து நான்கு மரபுகள் ஆண்டன. 1565 ஜனவரியில் தக்காணச் சுல்தான்களுடன் நடந்த தலைக்கோட்டைப் போரில், அப்போது ஆட்சியை நடத்திவந்த ராமராயர் வீழ்ந்ததும் நகரம் கைவிடப்பட்டுச் சூறையாடப்பட்டது. அரண்மனைகளின் மேற்கட்டு மரத்தாலானது. எனவே அது அழிந்து, இன்று அதன் கல் மேடை மட்டும் எஞ்சியிருக்கிறது. கோயில்களின் சுவரும் தூணும் கூரையும் கருங்கல்லாக இருந்ததால் நின்றுவிட்டன. கோபுரங்களோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை: அவற்றின் கீழ்ப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். அதனால்தான் ஹம்பியில் பல கோபுரங்கள் இடுப்புவரை உறுதியாகவும் அதற்கு மேல் கரைந்த மண்மேடு போலவும் காட்சி தருகின்றன. நம் ஊர் மொட்டைக் கோபுரங்களில் பல கட்டி முடிக்கப்படாதவை. இங்குள்ளவை கட்டி முடித்துப் பின்னர் உதிர்ந்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கல் முடிந்து செங்கல் தொடங்கும் அந்தக் கிடைக்கோடு ஒவ்வொரு வாயிலிலும் தானாகவே கண்ணில் படும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. முதல் நாளே ஹேமகூடக் குன்றின் மேல் ஏறி, அங்கே பாறைமேல் அமர்ந்திருக்கும் சிறிய சிவன் கோயில்களைப் பாருங்கள். படிப்படியாகக் கூம்பும் கல் விமானம், அலங்காரமில்லாத சுவர்; இவற்றைச் சமணக் கோயில்கள் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வதுண்டு, ஆனால் அவை சிவன் கோயில்களே. அவற்றில் சில விஜயநகர அரசுக்கும் முந்தியவை. அங்கிருந்தபடியே கீழே விரூபாட்சர் கோயிலின் உயர்ந்த கோபுரத்தைப் பார்த்தால், இரண்டும் ஒரே ஊரின் கட்டடங்கள்தாமா என்ற ஐயம் எழும். விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை வரை படையெடுத்து வந்த பதினான்காம் நூற்றாண்டிற்குப் பின், தமிழ்நாட்டுக் கோயில் அமைப்பு வடக்கே இந்தத் தலைநகருக்குச் சென்று சேர்ந்தது. பின்பு அதுவே இன்னும் பெரிதாகி, சிதம்பரத்தின் வடக்குக் கோபுரமாகவும் காஞ்சி ஏகாம்பரநாதர் கோபுரமாகவும் கிருஷ்ணதேவராயர் காலத்தில் நம்மிடம் திரும்பி வந்தது. தமிழர் ஒருவர் ஹம்பியில் நிற்கும்போது ஏதோ தெரிந்த வீட்டுக்கு வந்ததுபோல் உணர்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் நாள்: விரூபாட்சரும் கிருஷ்ணரும்

ஹம்பிக் கடைத்தெருவின் கிழக்குக் கோடியில், மதங்கக் குன்றின் அடிவாரத்தில், ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது. காலையில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நந்தியின் பார்வை செல்லும் வழியே முக்கால் கிலோமீட்டர் அளவுக்கு மேற்கு நோக்கி நடந்தால், முதலில் தொலைவில் சிறிதாகத் தெரியும் கோபுரம் ஒவ்வோர் அடிக்கும் வளர்ந்துகொண்டே வந்து, தெரு முடியும் இடத்தில் தலையை அண்ணாந்தால்தான் கலசம் தெரியும் என்ற நிலைக்கு உயர்ந்துவிடும். ஏறக்குறைய ஐம்பது மீட்டர் உயரமுள்ள அந்த வாயிலை ஆட்டோவிலிருந்து இறங்கிய கையோடு பார்ப்பவர்களுக்கு இந்த வளர்ச்சி கிடைப்பதில்லை. இருபுறமும் உள்ள மண்டபங்களில் அண்மைக் காலம் வரை குடும்பங்கள் வசித்தன. 2011-இல் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். எனவே நீங்கள் காணும் வெறுமை முழுவதும் 1565-ஆம் ஆண்டின் வெறுமை அன்று.

விரூபாட்சர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. செருப்பை வாயிலில் விட்டுவிட்டு, தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையில் செல்லுங்கள். உள்ளே இரண்டாம் கோபுரமும் ரங்க மண்டபமும் கிருஷ்ணதேவராயர் முடிசூடியதையொட்டி 1510-இல் எடுத்தவை. மண்டபத்தில் எல்லோரும் யாளித் தூண்களைப் பார்ப்பார்கள். நீங்கள் கழுத்து வலித்தாலும் மேலே பாருங்கள். விதானம் முழுவதும் வண்ண ஓவியங்கள். அவற்றில் பல்லக்கில் ஒரு முனிவர் ஊர்வலமாகச் செல்லும் காட்சி ஒன்று உண்டு. அவரை, இந்த அரசின் தோற்றத்துக்குத் துணைநின்றவராகக் கருதப்படும் வித்யாரண்யர் என்று சொல்வார்கள். கருவறைக்குப் பின்புறம், படியேறிச் செல்லும் ஒரு சிறிய இருட்டறையில், சுவரிலுள்ள துளை வழியாக ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக எதிர்ச்சுவரில் விழுகிறது. வெயில் தெளிவாக இருக்கும் நாளில் போனால், கலசங்கள் கீழே தொங்கும் அந்த உருவம் நன்றாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழகும்வரை இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும், கைபேசியின் விளக்கை அணைத்துவிடவும் வேண்டும். குரங்குகள் கையில் உள்ள எதையும் பறித்துவிடும் என்பதால், பையை மூடியே வைத்திருங்கள்.

நண்பகல் வெயிலை ஓய்வில் கழித்துவிட்டு, மாலையில் ஹேமகூடத்தின் மேல் ஏறித் தெற்கே இறங்கினால் சசிவேகாளு, கடலேகாளு என்னும் இரண்டு கணபதிகள் எதிர்ப்படுவார்கள். ஒருவர் கடுகின் பெயரையும் மற்றவர் கடலையின் பெயரையும் பெற்றவர். கடலேகாளுக் கணபதி நான்கரை மீட்டர் உயரமுள்ளவர். அங்கிருந்து சற்று நடந்தால் கிருஷ்ணர் கோயில். இங்கும் நேரே உள்ளே போய்விடாதீர்கள். சாலையைக் கடந்து கிழக்கே இறங்கும் கிருஷ்ணர் கடைத்தெருவின் கோடிவரை சென்று, தெப்பக்குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். உதயகிரிக் கோட்டையை வென்றபோது கிருஷ்ணதேவராயர் அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணருக்காக எழுந்த கோயில் இது. வாயில் கோபுரத்தின் சுதை வேலையில் குதிரை வீரர்களின் போர்க்காட்சி இன்னும் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. கருவறை காலியாக இருப்பதைக் கண்டு வருந்துபவர்கள், ஊர் திரும்பியதும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றால் அந்தப் பாலகிருஷ்ணரைப் பார்க்கலாம்.

கிருஷ்ணர் கோயிலுக்குத் தெற்கே வயலோரத்தில் நரசிம்மர் இருக்கிறார். 6.7 மீட்டர் உயரம், ஒரே பாறை. கிருஷ்ணதேவராயரின் இறுதி ஆண்டுகளில், 1528-இல் எடுத்தது. உக்கிர நரசிம்மர் என்று பலகையில்லாமலேயே ஊர் சொல்லும். ஆனால் அவர் உக்கிரமாக அமைக்கப்பட்டவர் அல்லர். மடியில் இலட்சுமி அமர்ந்திருந்தாள். அவள் உருவம் உடைந்து போய்விட்டது. சிலையின் பக்கவாட்டில் நின்று, நரசிம்மரின் முதுகுப்புறத்தில் இடுப்புக்கு மேலே உற்றுப் பாருங்கள்: வளையல் அணிந்த ஒரு சிறிய கை மட்டும் அவரை அணைத்தபடி அங்கேயே இருக்கிறது. முழங்கால்களைச் சேர்த்துக் கட்டியது போன்ற கல்பட்டை பிற்காலச் சீரமைப்பில் சேர்த்தது. பக்கத்திலேயே தண்ணீருக்குள் நிற்கும் மூன்று மீட்டர் லிங்கம், படவிலிங்கம். அடியில் எப்போதும் நிற்கும் அந்த நீர், அந்தக் காலத்து வாய்க்காலின் நீர். அதே வாய்க்கால்களில் சில இன்றும் சுற்றியுள்ள வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கின்றன. இடிபாட்டு நகரத்தில் இடியாமல் இருப்பது அதுவே.

இரண்டாம் நாள்: அச்சுதராயரும் விட்டலரும்

விடியலுக்கு முன் மதங்கக் குன்றில் ஏறுங்கள். தனியாக வேண்டாம், விளக்கு இல்லாமலும் வேண்டாம். படிகள் சில இடங்களில் பாறையோடு பாறையாக மறைந்துவிடும். ஒருமுறை இறங்கும்போது குறுக்குவழி என்று நம்பி வேறு பக்கம் திரும்பி, முள்ளும் பாறையுமாக ஒரு மணி நேரம் அலைந்த பிறகு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் என்னை வழிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதிலிருந்து, ஏறிய வழியிலேயே இறங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

உச்சியிலிருந்து கீழே பார்த்தால் அச்சுதராயர் கோயில் வரைபடம் விரித்துவைத்தாற்போல் தெரியும்: இரண்டு மதில்கள், வாயில்கள், அவற்றுக்கு நேராக வடக்கே ஆற்றை நோக்கி ஓடும் தெரு. என் ‘தெருக் கோடி’ விதியை ஒரே பார்வையில் விளக்கிவிடும் இடம் இது. 1534-இல், கிருஷ்ணதேவராயருக்குப் பின் அரசரான அச்சுதராயர் காலத்தில் திருவேங்கடநாதருக்கு எடுத்த கோயில். இப்போது உள்ளே தெய்வம் இல்லை, கூட்டமும் இல்லை. கீழே இறங்கியதும், நந்திக்கு அருகிலுள்ள படிப்பாதையில் நேரே கோயிலுக்குள் போகாமல், ஆற்றங்கரைப் பாதையில் கோதண்டராமர் கோயில்வரை சென்று, அங்கிருந்து தெருவின் வடக்குக் கோடிக்கு வந்து தெற்கு நோக்கி நடந்து வாருங்கள். நடனமாதர் வசித்ததாகச் சொல்லி ‘சூளே பஜார்’ என்று கன்னடத்தில் அழைக்கப்படும் அந்தத் தெருவில், காலை எட்டு மணிக்குக் கிளிகளின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்பதில்லை. ஹம்பியில் ஒரே ஒரு கோயிலைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், விட்டலரை விட்டுவிட்டு இதைப் பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

மீண்டும் ஆற்றங்கரைக்கு வந்து கிழக்கே நடந்தால், அரசரின் துலாபாரம் நடந்ததாகச் சொல்லும் கல் தூண் வளைவைக் கடந்து விட்டலர் கோயிலை அடையலாம். ஆற்றில் சுழலும் வழுக்குப் பாறைகளும் உண்டு, குளிப்பதற்கு இறங்காதீர்கள். நடக்க இயலாதவர்கள் கமலாபுரம் வழியாக வாகனத்தில் வந்து, நிறுத்துமிடத்திலிருந்து மின்வண்டியில் வரலாம். மின்வண்டி ஓடும் பாதை விட்டலரின் தேர்த்தெருவேதான். ஆகையால் போகும்போது வண்டியில் போனாலும், திரும்பும்போதாவது அந்த ஒரு கிலோமீட்டரை நடந்துவிடுங்கள். வழியில் தெப்பக்குளமும், குதிரை வீரர் தூண்கள் கொண்ட ‘குதுரெகொம்பெ’ மண்டபமும் உங்களுக்கு மட்டுமே சொந்தமாக இருக்கும்.

விட்டலர் கோயிலின் முற்றத்தில் நுழைந்தவுடன் எல்லாரும் கல் தேருக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். 2017-இல் வந்த 50 ரூபாய்த் தாளில் உள்ள தேர் அதுதான். முன்பக்கத்துக் கூட்டத்தை விட்டுப் பக்கவாட்டுக்கு வாருங்கள். அது பல கற்களை இணைத்துக் கட்டிய கருடன் சந்நிதி என்பது இணைப்புகளைப் பார்த்தாலே தெரியும். இழுக்கும் யானைகளுக்குப் பின்னால் குதிரையின் பின்கால்களும் வாலும் எஞ்சியிருப்பதைக் காணலாம். முதலில் பூட்டியிருந்தவை குதிரைகள், யானைகள் பின்னர் வைத்தவை. 1856-இல் எடுத்த ஒளிப்படம் ஒன்றில் இந்தத் தேருக்கு மேல் செங்கல் விமானம் இருந்தது. பின்னர் அதை இறக்கிவிட்டார்கள். ஆகவே நாம் இன்று அழகு என்று கொண்டாடும் தட்டையான கூரை, விமானத்தை இழந்த கூரை.

மகாமண்டபத்தின் 56 தூண்களைச் ‘சரிகம தூண்கள்’ என்பார்கள். பெரிய தூணைச் சுற்றியுள்ள மெல்லிய தூண்கள் தனித்தனியே வைத்தவை அல்ல, அதே கல்லிலிருந்து குடைந்தெடுத்தவை. தட்டிப் பார்க்கத் தடை உண்டு. யாராவது ரகசியமாகத் தட்டிக்காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு இங்கே தட்ட வேண்டிய தேவையும் இல்லை. 1513-இல் கிருஷ்ணதேவராயரின் தேவியர் கோபுரங்களை எடுப்பித்தார்கள். தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாத ஒன்று மதிலுக்கு வெளியே இருக்கிறது: விட்டலாபுரத்தில் திருமங்கையாழ்வாருக்கும் முதலாழ்வார்களுக்கும் ராமானுஜருக்கும் தனித்தனிக் கோயில்கள் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு அவை தெரியாது, வண்டியும் நிற்காது. நடப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

மூன்றாம் நாள்: ஹஜார ராமரும் மிச்சமும்

அரச வளாகத்தின் நடுவிலுள்ள ஹஜார ராமர் கோயில் சிறியது. ஆனால் இரண்டு மணி நேரமாவது வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இது, தேர்த்தெரு இல்லாத அரச குடும்பத்துக் கோயில். எனவே இங்கு மட்டும் என் விதியை மாற்றிக்கொள்ள வேண்டும்: தெருவில் நடக்காமல் மதிலைச் சுற்றி நடக்க வேண்டும். வெளிமதிலில் யானைகள், குதிரைகள், வீரர்கள், ஆடல் மகளிர் என ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைகள் ஊர்வலம் போகின்றன. உள்ளே கோயிற்சுவரில் இராமாயணம் மூன்று அடுக்காகச் செதுக்கியிருக்கிறது. வலம் வரும் திசையிலேயே கதை நகர்வதால், பிரதட்சிணமாகச் சுற்றினால்தான் வரிசை பிடிபடும். காலைச் சாய்வெயிலில் உருவங்கள் எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் சுவர் தட்டையாகிவிடும். மண்டபத்தின் உள்ளே மெருகேற்றிய கருங்கல் தூண்கள் நான்கையும் கைவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

அருகிலுள்ள மகாநவமி மேடை, படிக்குளம், தாமரை மகால், பதினோரு அறை கொண்ட யானைக் கொட்டில் ஆகியவற்றை அதே காலையில் முடித்துவிடலாம். கமலாபுரம் அருங்காட்சியகத்தில் நகரம் முழுவதன் பெரிய மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் நாளே பார்ப்பதைவிட, நடந்து முடித்த பிறகு பார்த்தால், நாம் போன தெருக்களை விரலால் தொட்டுக்காட்ட முடியும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள். கமலாபுரத்துக்குக் கிழக்கே உள்ள பட்டாபிராமர் கோயில், விட்டலர் கோயிலுக்கு நிகரான வளாகம். புல் வெட்டுபவர்களைத் தவிர அங்கே யாரும் இருப்பதில்லை.

மாலையில் மால்யவந்தக் குன்றின் மேலுள்ள இரகுநாதர் கோயிலுக்குச் செல்லுங்கள். வழிபாடு நடக்கும் கோயில். கருவறையோடு சேர்ந்தே ஒரு பெரும்பாறை எழுந்து நிற்க, அதன் தலையில் சிறு விமானம் வைத்திருக்கிறார்கள். பின்வாசல் வழியாக வெளியே வந்தால் பாறையிடுக்கில் வரிசையாக லிங்கங்களும் நந்திகளும் செதுக்கியிருக்கும். அங்கே அமர்ந்து மேற்கே பார்த்தால், வாழைத்தோப்புகளுக்கு அப்பால் விரூபாட்சர் கோபுரம் முதல் நாள் காலையில் நந்தியருகே நின்று பார்த்த அதே சிறிய அளவில் தெரியும்.